புற்றுநோய் அசதி: எப்படி அளப்பது, எங்கே காரணம் தேடுவது, எதைச் செய்வது

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரிடம் “எப்படி இருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் “பரவாயில்லை டாக்டர், கொஞ்சம் அசதிதான்.” அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அதற்குமேல் பேச்சு நீள்வதில்லை. குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் படுத்தால்தான் தலை துவட்டவே முடிகிறது என்பதும் அந்தக் ‘கொஞ்ச’த்துக்குள் அடங்கியிருக்கலாம்.

நோயாளி வாய் திறக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த நோய் என்றால் இப்படித்தான் இருக்கும், சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஒன்று. சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்களோ, கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. மருத்துவர் தரப்பிலோ, அசதிக்கென்று எழுதித்தர மாத்திரை எதுவும் கையில் இல்லாததால் கேட்பதையே தவிர்க்கும் பழக்கம் இருக்கிறது. விளைவு, புற்றுநோயில் மிகப் பரவலான தொல்லை எதுவோ அதுவே மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க அசதி இருக்கிறது. சிகிச்சை முடிந்தவர்களிலும் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கினர்வரை ஆண்டுக்கணக்கில் இதோடு காலம் தள்ளுகிறார்கள்.

சாதாரணக் களைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்று அடையாளங்களால் பிரித்தறியலாம். செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் பொருத்தம் இருக்காது. தூங்கி எழுந்தாலும் தீராது. உடம்போடு நிற்காமல் கவனத்தையும் மனத்தையும் சேர்த்துப் பிடிக்கும்: படித்த பத்தியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும், பேச்சின் நடுவே சொல் சிக்காமல் நிற்கும், சின்ன முடிவு எடுக்கவும் மலைப்பாக இருக்கும்.

எந்தச் சிகிச்சையில் எப்போது வரும்

கீமோவில் அசதி அலை போல ஏறி இறங்கும். மருந்து ஏற்றிய சில நாட்களில் உச்சத்துக்குப் போய், அடுத்த சுற்று நெருங்கும்போது தணியும். இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். அது இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆள் சுறுசுறுப்பாக இருப்பார், இரவில் தூக்கமும் வராது. “இந்தத் தடவை ஒன்றுமே இல்லை” என்று வீட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்வார். ஸ்டீராய்டு நின்ற மறுநாள், அதற்கடுத்த நாள் அப்படியே சரிந்துவிடுவார். இந்தச் சரிவு எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் குறையும்.

கதிர்வீச்சில் வேறு கதை. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. வாரம் செல்லச் செல்லச் சேர்ந்துகொண்டே வந்து, கடைசி வாரத்திலோ முடிந்த பிறகோ உச்சம் தொடும், பிறகு வாரங்கள் அல்லது மாதங்களில் வடியும். புற்றணுவின் குறிப்பிட்ட மூலக்கூறைக் குறிவைக்கும், தினசரி விழுங்கும் இலக்கு மருந்துகளிலும் ஹார்மோன் சிகிச்சையிலும் அலை கிடையாது, மெல்லிய அசதி நாள் முழுக்கக் கூடவே இருக்கும். இம்யூனோதெரபியில் (உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலைக் கொண்டு நோயைத் தாக்கும் சிகிச்சை) வரும் அசதி எப்போதும் சந்தேகத்துக்குரியது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. கட்டியும் சிகிச்சையும் தூண்டும் அழற்சி வேதிப்பொருட்கள் (இன்டர்லூகின்-6 போன்றவை) மூளையைத் தொட்டு, காய்ச்சல் நாளில் உடம்பு முடங்குவதைப் போன்ற நிலையை நீடிக்கச் செய்கின்றன. கார்டிசால் என்ற அட்ரினல் சுரப்பி ஹார்மோனின் பகல்-இரவுத் தாளம் குலைகிறது, தசை கரைகிறது, ரத்தச் சிவப்பணு குறைகிறது. ஒருவரிடம் இவற்றில் நான்கைந்து ஒரே நேரத்தில் நடக்கும். அதனால்தான் ஒரே ஒரு மருந்தால் இதை மடக்க முடிவதில்லை.

எண்ணில் கேட்பது

“கடந்த ஏழு நாட்களில் உங்கள் அசதி எவ்வளவு? அசதியே இல்லை என்றால் 0, இதற்குமேல் முடியாது என்றால் 10.” தொடக்கத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். 1 முதல் 3 வரை லேசானது: விளக்கம் சொல்லி, அடுத்த வருகையில் மறுபடி கேட்டால் சரி. 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-உம் அதற்கு மேலும் கடுமை. 4-ஐத் தொட்டுவிட்டால் எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பக் கூடாது, காரணம் தேட வேண்டும். முதல் வருகையிலேயே கேட்டு, சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் அதே கேள்வியை அதே சொற்களில் திரும்பக் கேட்டால்தான் எண்ணுக்கு மதிப்பு. தனியாக ஒரு ‘6’ பெரிதாக எதையும் சொல்லாது. போன மாதம் 3, இந்த மாதம் 6 என்பது நிறையச் சொல்லும்.

கேட்கும் விதத்தில் வரும் பிழைகள் சில. “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அந்தக் காலை வேளையின் பதில்தான் கிடைக்கும். டாக்டரைப் பார்க்கும் நாளில் ஆட்கள் தங்களைத் திரட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஸ்டீராய்டு நாளில் கேட்டால் எண் பொய்யாகக் குறையும். கூட வந்தவர் பதில் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் எண் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். வெளியே தெரியாத உணர்வு இது, அடுத்தவர் பார்வையில் கூடவும் குறையவும் தெரியும். சிலருக்கு எண்ணே பிடிபடாது. அவர்களிடம் “முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டால் நேராக விஷயத்துக்கு வருவார்கள்.

ஆழமாகப் பார்க்க நம்பகமான கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ‘பிரீஃப் ஃபட்டீக் இன்வென்டரி’ ஒன்பதே கேள்விகள், சில நிமிடங்களில் முடியும். ‘ஃபேசிட்-எஃப்’ அளவையின் அசதிப் பகுதியில் 13 கேள்விகள், மொத்தம் 0 முதல் 52 வரை. இதில் எண் கூடினால் அசதி குறைவு என்று பொருள். திசை தலைகீழ் என்பதை மறந்து பதிவேட்டில் எழுதினால், தேறிவருபவர் மோசமாகிறார் என்று படித்துவிடும் அபாயம் உண்டு.

காரணம் தேடுவது

அசதி என்றதும் முதலில் நாக்கில் வருவது “ரத்தம் கம்மியா இருக்கும்.” ரத்தசோகை உண்மையான காரணம்தான், முதல் சோதனையும் அதுவே. ஆனால் ஹீமோகுளோபின் 11 இருக்கும் ஒருவரின் 8 மதிப்பெண் அசதியை அந்த 11 விளக்காது. ரிப்போர்ட்டில் ஓரளவு குறைந்த எண்ணைப் பார்த்ததும் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தேடலை முடித்துவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் சறுக்கல். இரும்புச்சத்தைக்கூட உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற ரத்தச் சோதனைகளைப் பார்த்த பிறகே தர வேண்டும். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் மட்டும் பொய்யாக உயர்ந்து காட்டும்.

ரத்த எண்ணிக்கையோடு சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பார்ப்பது நியாயமான அடிப்படை. சிஸ்பிளாட்டின் எடுப்பவருக்கு மெக்னீசியம் கரையும். எலும்புக்குப் பரவியவருக்குக் கால்சியம் ஏறும். அசதியோடு தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், குழப்பம் என்று சேர்ந்து வந்தால் அன்றே பார்க்க வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்த்ராசைக்ளின் வகை மருந்தோ டிராஸ்டுசுமாபோ எடுத்தவர் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் ‘கீமோ அசதி’ என்று விடக் கூடாது.

இம்யூனோதெரபிக்கு வருவோம். நோய் எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிடும் இந்த மருந்துகள் தைராய்டையும், பிட்யூட்டரியையும், சில வேளை அட்ரினலையும் தாக்கும். தைராய்டை இயக்கும் டி.எஸ்.எச். பிட்யூட்டரியிலிருந்துதான் வருகிறது, பிட்யூட்டரி பழுதானால் அது உயராது. இயல்பு என்றோ குறைவு என்றோதான் வரும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஃப்ரீ டி4 கூடவே வேண்டும். காலை எட்டு மணியளவில் எடுக்கும் கார்டிசால் சோதனையும் கூடவே வேண்டும். தைராய்டும் கார்டிசாலும் இரண்டுமே குறைந்திருந்தால் ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. வரிசை மாறினால் அட்ரினல் நெருக்கடியில் (கார்டிசால் பற்றாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) போய் முடியலாம். பல வாரம் ஸ்டீராய்டு விழுங்கிவிட்டுத் திடீரென நிறுத்தியவருக்கும் இதே அட்ரினல் குறைபாடு வரும்.

மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை, பலமுறை விடையே அதில்தான் கிடக்கும். வலிக்கான ஓபியாய்டு, நரம்பு வலிக்கான கபாபென்டின் அல்லது பிரீகாபலின், வாந்திக்கான ஓலன்சபைன், தூக்க மாத்திரை, அரிப்புக்கான பழைய வகை அலர்ஜி மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர்: ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாங்கக்கூடியது, நான்கு சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் இரவுக்கு மாற்றலாமா, குறைக்கலாமா, இன்னும் தேவையா என்று ஒவ்வொன்றையும் கேட்டாக வேண்டும். வலியே கட்டுப்படாமல் இருந்தால் அதுவும் ஆளைக் களைக்கச் செய்யும். அங்கே ஓபியாய்டு கூடுவதுதான் தீர்வாக இருக்கும்.

மனச்சோர்வையும் அசதியையும் பிரிப்பது எளிதல்ல, இரண்டும் ஒன்றாகவே இருப்பதும் உண்டு. “பேரக்குழந்தையோடு விளையாட ஆசையாக இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை” என்பவர் ஒரு பக்கம். “விளையாடி என்ன ஆகப்போகிறது” என்பவர் இன்னொரு பக்கம். ஆசையே வற்றிப்போனது, குற்ற உணர்வு, வாழ்வதில் பிடிப்பின்மை என்று தெரிந்தால் மனநலச் சிகிச்சை தாமதிக்கக் கூடாது. அது தேறினால் அசதியும் தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, அசதி அப்படியே இருந்தது.

சில அறிகுறிகளில் அளவைக்கும் டைரிக்கும் நேரமில்லை. கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம், குழப்பம், கறுத்த மலம் அல்லது ரத்தக்கசிவு, ஒரு நாளாகப் படுக்கையை விட்டு எழவே முடியாத நிலை: உடனே மருத்துவமனை.

அசைவின் அளவு

சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்த பிறகும் மிஞ்சும் அசதிக்கு, கைவசம் இருப்பவற்றில் வலுவான சான்று உடற்பயிற்சிக்குத்தான். 2017-இல் 113 ஆய்வுகளையும் 11,525 பேரையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்வதாகச் சொன்னது. நடக்கவே முடியாதவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால் படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும், பிறகு அதே கழிப்பறைத் தூரத்துக்கு இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும், களைப்பு கூடும், இன்னும் படுக்கத் தோன்றும்.

“நல்லா நடங்க” என்பது அறிவுரையே அல்ல. மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதுவது போல இதற்கும் அளவு எழுத வேண்டும். சேர வேண்டிய இடம்: மிதமான வேகத்தில் 30 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம், கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமான வேகம் என்றால் பேசிக்கொண்டே போக முடியும், பாட முடியாது.

தொடங்கும் இடம் இதற்கு வெகு தொலைவில் இருக்கலாம். ஐந்து நிமிடம்தான் முடியும் என்பவர், முடியும் அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே, நான்கு நிமிடத்தில் தொடங்கட்டும், ஒரு நாளைக்கு மூன்று முறை. மூன்று நாள் சிக்கலில்லாமல் போனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிமிடம் கூட்டலாம். மறுநாள் அசதி வழக்கத்தைவிட 2 புள்ளி கூடினால் முந்தைய அளவுக்கு இறங்கி, இன்னும் சில நாள் அங்கேயே நிற்க வேண்டும். கீமோவுக்குப் பிந்தைய மோசமான நாட்களில் பாதி அளவு போதும், பூஜ்யமாக்கிவிட வேண்டாம். நல்ல நாள் வந்துவிட்டதே என்று இரட்டிப்பாக்கவும் கூடாது, பலரும் விழுவது இங்கேதான்.

தசைப் பயிற்சிக்கு உறுதியான நாற்காலி ஒன்று போதும். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது முதலில் 5 முறை, மெதுவாக 8, பிறகு 12 முதல் 15 வரை, இரண்டு சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே கணக்கில். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது.

எலும்புக்குப் பரவியிருந்தால் முறுக்குவது, குதிப்பது, பாரம் தூக்குவது எல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) மிகக் குறைந்திருக்கும்போது எடைப் பயிற்சி வேண்டாம். கால் மரத்துப்போனவருக்கு நடையைவிட உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பாதுகாப்பு. காய்ச்சல் நாளில் எதுவும் வேண்டாம்.

ஒரு டைரிப் பக்கம்

இரண்டு வாரம் எழுதும் அசதி டைரி, பல சோதனைகள் காட்டாததைக் காட்டும். நேரம், செய்தது, அப்போதைய எண் என மூன்று நெடுவரிசை போதும். மாதிரிக்கு ஒருவரின் ஒரு நாள்: காலை 7 மணி எழுந்தது, 4. எட்டு மணி குளியல், 6. எட்டரை முதல் பத்தரை வரை சமையல், துணி, நின்றபடியே, 8. பகல் 12 முதல் 3 வரை தூக்கம், எழுந்தபோது 6. மாலை 5 மணிக்கு 4. இரவு 10 மணிக்குப் படுத்து, 1 மணிக்கும் விழித்திருந்தது, 7.

இதில் மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. எல்லா வேலையும் காலை இரண்டரை மணி நேரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. ஆள் ஓரளவு தெம்பாக இருக்கும் மாலை ஐந்து மணி வெறுமையாகப் போகிறது. மூன்று மணி நேரப் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் தின்கிறது. மாற்றங்கள் சின்னவை. குளியல் மாலைக்குப் போகட்டும், குளியலறையில் ஒரு ஸ்டூல். காய் நறுக்குவது உட்கார்ந்து. துணி வேறொருவர் பொறுப்பு. இருபது நிமிட வேலைக்குப் பிறகு, களைப்பு வந்தாலும் வராவிட்டாலும், பத்து நிமிட ஓய்வு. களைத்த பிறகு எடுக்கும் ஓய்வைவிடக் களைக்குமுன் எடுக்கும் ஓய்வு குறைந்த நேரத்தில் பலன் தரும். பகல் தூக்கம் அலாரம் வைத்து 30 நிமிடத்துக்குள், மாலை 3 மணிக்கு முன்.

வீட்டார் அன்பின் மிகுதியால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் நல்லதல்ல. சேமித்த சக்தியை எதற்குச் செலவழிப்பது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவருக்கு அது சமையலாகவே இருக்கலாம்.

தூக்கமும் சாப்பாடும்

தூக்கமின்மைக்குத் தூக்க மாத்திரையைவிட அறிதல்-நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) நீடித்த பலன் தருகிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, இருபது நிமிடமாகத் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்காருவது, தூக்கம் கண்ணை அழுத்தும்போது திரும்பிவருவது இதன் அடிப்படை. ஐந்தரை மணி நேரமே தூங்குபவர் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்தால், படுக்கை விழித்திருக்கும் இடமாகப் பழகிவிடும். படுக்கை நேரத்தை முதலில் சுருக்கி, தூக்கம் இறுகியதும் வாரம் கால் மணி நேரமாகக் கூட்டுவார்கள். மூளைக் கட்டியோ வலிப்போ உள்ளவர்களுக்கு இந்தச் சுருக்கல் ஆபத்து, மேற்பார்வை இல்லாமல் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் விழுங்கிக்கொண்டு இவ்வளவையும் செய்வது வீண். நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது எடையும் புரதமும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், 1.5 கிராம் வரை புரதம். சிறுநீரகம் பழுதானவருக்குக் கணக்கு வேறு. எடை இறங்கிக்கொண்டே இருந்தால் பயிற்சி மட்டும் தசையைக் கட்டாது.

மாத்திரை பற்றி

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2024-இல் புதுப்பித்த வழிகாட்டல், சிகிச்சைக் காலத்தில் உடற்பயிற்சி, அறிதல்-நடத்தை சிகிச்சை, மனநிறை தியானப் பயிற்சி, தாய்ச்சி அல்லது சீகாங் (மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சிகள்) ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. சிகிச்சைக்குப் பின் யோகாவும் சேர்க்கலாம் என்கிறது. எல்-கார்னிட்டின் என்ற சத்து மாத்திரை, விழிப்பூட்டும் மருந்துகள், அசதிக்கென்றே மனச்சோர்வு மாத்திரை ஆகியவை வேண்டாம். மூளையைத் தூண்டும் மெத்தில்ஃபெனிடேட்டை வழக்கமாகத் தருவதும் கூடாது. கடையில் கிடைக்கும் ‘எனர்ஜி’ வைட்டமின்களுக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தை ஒரு பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கலாம்.

அமெரிக்க ஜின்செங் தினம் 2000 மி.கி. எட்டு வாரம் எடுத்தவர்களுக்கு 2013 ஆய்வில் பலன் தெரிந்தது, நான்காம் வாரத்தில் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபாய்ட்டின் வகை ஊசிகள் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுபவை. குணப்படுத்தும் நோக்கில் கீமோ எடுப்பவருக்கு அவை பொருந்தாது. ரத்தம் ஏற்றினால் ஒரு யூனிட்டுக்கு ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் உயரும், அந்தத் தெம்பும் நிலைக்காது.

நோய் முற்றிய கடைசிக் காலத்தில் கணக்கு மாறுகிறது. டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. தினம் இருமுறை, இரண்டு வாரம் தந்த ஆய்வில் அசதி குறைந்தது. ஒரு திருமணத்துக்கோ பயணத்துக்கோ தெம்பு வேண்டும் என்றால் இது நியாயமான வழி. மாதக்கணக்கில் நீட்டினால் தொடைத் தசை கரைந்து, எந்த அசதிக்காகக் கொடுத்தோமோ அதையே கூட்டும். இறுதி நாட்களில் வரும் தூக்கக் கலக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை. நடக்கச் சொல்லி வற்புறுத்துவதை வீட்டாரும் நிறுத்திக்கொள்ளலாம்.

சிகிச்சை முடிந்து மீண்டவர்களிடம் ஆறு மாதம், ஓராண்டு கழித்தும் அதே 0-10 கேள்வியைக் கேட்க வேண்டும். மெல்ல இறங்கிவந்த எண் திடீரென்று ஏறினால், கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்குத் தைராய்டும், ஆன்த்ராசைக்ளின் எடுத்தவருக்கு இதயமும், எல்லோருக்கும் நோய் திரும்பியிருக்கிறதா என்பதும் அந்த வருகையிலேயே பார்க்கப்பட வேண்டும்.